ஹட்டன் அலுவலகமொன்றுக்குப் பொதுக் கோப்புச் சேவையகம் அமைத்த அனுபவம்

தோட்டத் தொழிலாளர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றைப் பெற உதவும் சிறிய அலுவலகமொன்றுக்காக ஹட்டனில், எல்லாக் கணினிகளும் ஒரே இடத்திலுள்ள கோப்புகளைப் பயன்படுத்த உதவும் சேவையகமொன்றை அமைத்தேன். அதுவரை ஒரே தொழிலாளியின் விபரம் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. கடைசியாகத் திருத்தியது யாருடைய பென் டிரைவிலோ இருக்கும். சேமலாப நிதிப் பதிவில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பதால் தமது பணத்துக்காக அலையும் முதியவர்கள் மலையகத்தில் ஏராளம். அவர்களுடைய கோப்பில் எது சரியான பிரதி என்று உதவ வந்தவர்களுக்கே தெரியாதிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய மேசைக் கணினியொன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளையும் நிறுவினோம். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. நெறிமுறையிலேயே சாம்பாவும் இயங்குவதால், ஊழியர்களின் கணினிகளில் இன்னொரு டிரைவ் தோன்றியதைத் தவிர வேறு மாற்றமில்லை. கணக்குப் பிரிவுக்கும் களப்பணியாளர்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் அமைத்து, உரிமையாளரும் குழுவினரும் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி கோப்புறைகளுக்கு 2770 என்ற அனுமதியையும் புதிய கோப்புகளுக்கு 0660 என்பதையும் கொடுத்தோம். 2770இன் முன்னால் நிற்கும் அந்த 2 இருந்தால்தான் யார் உருவாக்கிய கோப்பும் அந்தக் கோப்புறையின் குழுவுக்கே உரியதாகும். இல்லாவிட்டால் ஒருவர் சேமித்ததை மற்றவர் திருத்த முடியவில்லை என்ற முறைப்பாடு வந்துகொண்டேயிருக்கும்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது தமிழ்ப் பெயர்களில்தான். பழைய கோப்புகளைப் பிரதி செய்தபோது சில மட்டும் ஏற மறுத்தன. விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம், லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 என்ற கோப்பு முறைமையிலோ எல்லை 255 பைட்டுகள் (பைட்டு என்பது சேமிப்பிடத்தின் சிறிய அலகு). எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'ழி' என்பதில் ழகரத்துக்கு 3, இகரக் குறிக்கு 3 என 6 செலவாகின்றன. 'ஊழியர் சேமலாப நிதி' என்று எழுதினாலே இடைவெளிகளுடன் 50 பைட்டுகள் தீர்ந்துவிடும். தொழிலாளியின் பெயர், தந்தை பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவந்தவர்களுக்கு அந்த எல்லை போதவில்லை. சிங்களத்துக்கும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் பெயரிட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பெயரின் எழுத்துக்கூட்டலே பிரச்சினையாக இருக்கும் இடத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டலைச் சேர்ப்பது சரியல்ல என்று நான் வற்புறுத்தினேன். தோட்டத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் டிவிஷன், அதற்குள் தொழிலாளியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் என்று பிரித்தபின் எல்லாம் தமிழிலேயே அடங்கின.

ஸ்கேனருடன் இணைந்திருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினிக்கு எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னகிரை என்ற தீநிரல் 2017 மே மாதம் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் என்பதால், அதைத் திறந்துவிடாமல் ஸ்கேனரை வேறு கணினிக்கு மாற்றினோம்.

மின்வெட்டும் இடைப்பருவ மழைக்கால இடி மின்னலும் இங்கே வழக்கமானவை. யூ.பி.எஸ். பெட்டரி இறங்கும்போது சேவையகம் தானாகவே ஒழுங்காக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறோம். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் ஒன்றையொன்று பிரதி செய்தாலும், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் அதே கணத்தில் போய்விடும் என்பதால் அதைக் காப்புப் பிரதியாகக் கொள்ள முடியாது. வாரந்தோறும் வெளி டிஸ்க்கொன்றில் எடுக்கும் பிரதி வேறொரு கட்டடத்தில் பூட்டி வைக்கப்படுகிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்க்கும் பொறுப்பைக் கணக்கு எழுதும் தங்கை ஏற்றிருக்கிறார்.