மில்வாக்கியின் சோசலிஸ்ட் மேயர்கள்: இரண்டே ஆண்டில் தோற்ற கட்சி பிறகு 24 ஆண்டு ஆண்டது எப்படி?

ஏட்டுச்சுரைக்காய் (கேள்வி)

கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் பெயர் பெறுவதற்கு முன்பு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகர மேயரின் தனிச் செயலாளராக வேலை பார்த்தார் என்று அண்மையில் படித்தேன். அந்த மேயர் எமில் சைடல். வார்ப்பட ஆலைகளுக்கு மர அச்சு செதுக்கும் தச்சுத் தொழிலாளி, சோசலிஸ்ட் கட்சிக்காரர். 1910 ஏப்ரலில் வென்றார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றுக்கு வந்த முதல் சோசலிஸ்ட் மேயர் அவர்தானாம். நகர மன்றத்தின் 35 இடங்களில் 21 இடங்களும் அவர் கட்சிக்கே கிடைத்தன. அதே ஆண்டு நவம்பரில் விக்டர் பெர்கர் அந்த ஊரிலிருந்தே காங்கிரஸுக்குப் போனார். அங்கே நுழைந்த முதல் சோசலிஸ்ட்டும் அவரே.

இவ்வளவு வந்த பிறகு 1912இல் சைடல் தோற்றுவிடுகிறார். ஆனால் 1916இல் அதே கட்சியின் டேனியல் ஹோன் வென்று 1940 வரை நாற்காலியை விடவில்லை. இடையில் முதல் உலகப் போர், கம்யூனிஸ்ட்டுகள் வருகிறார்கள் என்ற சிவப்பு அபாயக் கூச்சல், 1930களின் பெரு மந்தம் எல்லாம் வந்து போயின. மற்ற ஊர்களில் 1911இல் வரிசையாக வென்ற சோசலிஸ்ட் மேயர்கள் பெரும்பாலும் ஒரு தேர்தலோடு காணாமல் போனார்கள். மில்வாக்கியில் மட்டும் என்ன வேறுபாடு? "ஜெர்மானியர்கள் நிறைந்த ஊர்" என்ற விடையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1912இலும் அங்கே அதே ஜெர்மானியர்கள்தானே இருந்தார்கள்?

வாக்குக்கணக்கன்

தோல்விக்கான விடை எளிது. 1910இல் மும்முனைப் போட்டி. சைடல் பாதி வாக்குகூட வாங்காமல் வென்றார். 1912இல் ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் பகையை மூட்டை கட்டிவைத்துவிட்டு ஜெர்ஹார்ட் பேடிங் என்ற மருத்துவரைப் பொது வேட்பாளராக நிறுத்தின. சைடலுக்கு முந்தைய தேர்தலைவிட அதிக வாக்கு விழுந்தது, ஆனாலும் தோற்றார். மக்கள் அவரை வெறுத்து விரட்டினார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை.

அதோடு நிற்கவில்லை. அதே 1912இல் விஸ்கான்சின் சட்டமன்றம் நகரத் தேர்தல்களில் கட்சிப் பெயரே இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. முதல் சுற்றில் முன்னிலை பெறும் இருவர் மட்டும் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். மும்முனைப் போட்டிக்கே இடமில்லை. நோக்கம் யாருக்கும் புரியாமல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தின் கீழேதான் ஹோன் 1916இல் பேடிங்கைச் சொற்ப வித்தியாசத்தில் தோற்கடித்தார். கட்சிப் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாததால், சோசலிசம் என்றாலே முகம் சுளிக்கிற கடைக்காரர்கூட "ஹோன் நேர்மையான ஆள்" என்று குத்த முடிந்தது. எதிரிகள் தோண்டிய குழியில் அவர் வீடு கட்டிக்கொண்டார்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

வாக்குக்கணக்கன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் வெல்வது வேறு, வென்ற பிறகு நகராட்சியை ஓட்டுவது வேறு. நான் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு நகராட்சியின் பொறியியல் பிரிவில், பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய்களோடு கழித்தவன். அந்தக் கண்ணோடு இந்த மேயர்களைப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அவர்களில் பலருக்குத் தாம் உட்கார்ந்த நாற்காலிக்கு என்னென்ன அதிகாரம் உண்டு என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் நகரம் என்பது மாநிலம் பெற்ற பிள்ளை. அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868இல் தீர்ப்பாகவே எழுதிவைத்தார்: மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும், அதிலிருந்து தவிர்க்க முடியாமல் பிறக்கிற அதிகாரமும் மட்டுமே நகரத்துக்கு உண்டு, ஐயம் வந்தால் இல்லை என்றே பொருள். மற்ற மாநில நீதிமன்றங்களும் இதைப் பிடித்துக்கொண்டன.

இதன் பலனை நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடியில் பாருங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையும் ரயில் எஞ்சின் ஆலையும் இருந்த தொழிலாளர் ஊர். 1911இல் ஜார்ஜ் லன் என்ற பாதிரியார் சோசலிஸ்ட் மேயராக வென்றார். அவருக்குச் செயலாளராக வந்தவர் வால்டர் லிப்மன், அப்போது ஹார்வர்டு முடித்த இளைஞர், பின்னாளில் நாடறிந்த பத்தி எழுத்தாளர். கல்விக் குழுவின் தலைவர் மின்பொறியியல் மேதை சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். இப்படி ஒரு குழு எந்த நகராட்சிக்கு வாய்க்கும்? லன் முதலில் கையில் எடுத்தது பனிக்கட்டி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். கோடையில் பாலும் இறைச்சியும் கெடாமல் இருக்கப் பனிக்கட்டி வேண்டும், வியாபாரிகள் சொன்னதுதான் விலை. நகராட்சியே குளிர்காலத்தில் வெட்டிச் சேமித்து மலிவாக விற்கலாம் என்றார் லன். வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். பனிக்கட்டி விற்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லை என்று தடை வந்துவிட்டது. அவ்வளவுதான். தேர்தல், பெரும்பான்மை, மேதைகள் எல்லாம் ஒரு தடையாணைக்கு முன்னால் நின்றுபோயின.

மினியாபொலிஸில் நிலைமை இன்னும் மோசம். 1916இல் வென்ற சோசலிஸ்ட் மேயர் தாமஸ் வான் லியர் இயந்திரத் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர். அந்த ஊர்ச் சாசனப்படி மேயர் கையில் உருப்படியாக இருந்தது காவல்துறை ஒன்றுதான். வரவு செலவு நகர மன்றத்திடம். 1918இல் தோற்றார்.

இப்போது மில்வாக்கிக்கு வருவோம். சைடலின் இரண்டு ஆண்டில் நடந்தவற்றில் எனக்குப் பிடித்தது எந்தக் கட்டடமும் அல்ல, ஒரு கணக்கு அலுவலகம். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் காமன்ஸை அழைத்து, சிக்கனமும் திறனும் ஆராயும் ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். குப்பை அள்ள எவ்வளவு செலவு, குடிநீர் எங்கே வீணாகிறது, பால் எப்படி வருகிறது என்று ஒவ்வொரு துறையாகக் கிளறினார்கள். அதற்கு முன் டேவிட் ரோஸ் மேயராக இருந்த ஆண்டுகளில் ஊழல் விசாரணைகளில் நகரத்திலும் கவுண்டியிலும் (நம்மூர் மாவட்டம் போன்றது) பலர் சிக்கியிருந்தார்கள். திருட்டை நிறுத்துவதாகச் சொல்லி எல்லாக் கட்சியும் வாக்குக் கேட்கும். தார் ஒரு கெஜம் என்ன விலை என்று கணக்குப் பார்ப்பவர்கள் சிலர்தான். ஒப்பந்தக்காரர்கள் பயப்படுவதும் அவர்களுக்குத்தான், இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஹோன் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். 1910இலேயே நகர வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சைடல் தோற்றபோதும் அவர் பதவியில் நீடித்தார். ஆறு ஆண்டுகள் டிராம் நிறுவனத்தோடு மல்லுக்கட்டிய ஆள். ஆகவே மேயராக நுழைந்தபோது எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எது தள்ளினால் திறக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஏட்டுச்சுரைக்காய், உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: ஒரு பாதிரியாரும் இயந்திரத் தொழிலாளியும் மாட்டிக்கொண்ட இடத்தில் ஒரு வழக்கறிஞர் தப்பித்தார். அவர் ஆண்ட 24 ஆண்டுகளில் நகர மன்றத்தில் சோசலிஸ்ட்டுகளுக்குப் பெரும்பான்மை ஒருமுறைகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கழிவுநீர் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. மில்வாக்கி மிச்சிகன் ஏரியில்தான் குடிநீர் எடுத்தது, சாக்கடையையும் ஆறுகள் வழியாக அதே ஏரியில்தான் விட்டது. டைஃபாய்டு வராமல் என்ன செய்யும்? 1920களின் நடுவில் ஜோன்ஸ் தீவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்து அழுக்கைத் தின்னவைக்கும் முறை; அந்த அளவில் அதைச் செய்துகாட்டிய முதல் நிலையங்களில் ஒன்று. பிறகு மிஞ்சும் கசடை என்ன செய்வது? அந்தக் கசடு என் பணிக்காலம் முழுவதும் என் தலைவலி. மில்வாக்கிக்காரர்கள் அதை உலர்த்தி 'மில்ஆர்கனைட்' என்று பெயர் வைத்து, 1926 முதல் புல்வெளி உரமாக விற்றார்கள். கோல்ஃப் மைதானங்கள் வாங்கின. தொழிலாளர் வீட்டுக் கழிவைப் பணக்காரர்களின் புல்தரைக்குக் காசுக்கு விற்ற நகராட்சி! நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: கழிவுநீர் ஆணையம் அமைந்தது 1913இல், பேடிங் காலத்தில். ஹோன் அதை முடித்துவைத்தார்.

செங்காந்தள்

ஓவர்சியர் ஐயா எழுதியதை விரும்பிப் படித்தேன். ஆனாலும் கேட்கிறேன், இதில் சோசலிசம் எங்கே? கணக்குச் சரிபார்ப்பது, சாக்கடை போடுவது, பூங்கா அமைப்பது, நகரக் கடனை அடைப்பது எல்லாம் நல்ல நிர்வாகம். எந்த நேர்மையான வணிகரும் இதைச் செய்வார். லிப்மன் ஸ்கெனக்டடியில் சில மாதம் தாங்கிவிட்டு விலகியபோது சொன்ன குறையும் இதுவே: வாக்குக்காகச் சீர்திருத்தம் செய்கிறார்கள், சோசலிசத்தை ஒத்திவைக்கிறார்கள் என்று. கட்சிக்குள்ளேயே நியூயார்க்கின் மாரிஸ் ஹில்குவிட் 1932 மாநாட்டில் மில்வாக்கிக்காரர்களைச் சாக்கடை சோசலிஸ்ட்டுகள் என்று குத்திக்காட்டினார். மாநாடு நடந்ததோ மில்வாக்கியிலேயே.

கார்டன் ஹோம்ஸ் கதையையும் சொல்லுங்கள். ஹோன் ஆட்சியில் 1921க்குப் பிறகு நகரமும் கவுண்டியும் பங்குபோட்டுக் கட்டிய 105 வீடுகள். கூட்டுறவு உடைமை, குடியிருப்பவர் பங்குதாரர், வீடு தனியார் சொத்தாகாது. கேட்க எவ்வளவு அழகு! சில ஆண்டிலேயே நிலமதிப்பு ஏறியதும் குடியிருந்தவர்களே வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். 1925இல் கூட்டுறவு கலைந்தது.

இன்னொன்றும் உண்டு, பாராட்டுரைகளில் வராத ஒன்று. பெர்கர் 1902இல் கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனம் என்று அச்சிலேயே எழுதியவர். பிற்காலத்தில் போரை எதிர்த்ததற்காக உளவுச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டார். மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தும் காங்கிரஸ் அவரை உட்கார விடவில்லை. அந்த அநீதிக்காக அவரை மதிக்கிறேன். அதற்காக முன்னதை மறந்துவிட முடியாது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

பெர்கர் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பில்லை, அம்மா. அது அவர் கையெழுத்தில் இருக்கிறது.

சாக்கடை விஷயத்தில் மட்டும் விடமாட்டேன். எந்த நேர்மையான வணிகரும் செய்வார் என்கிறீர்கள். ஏன் 1910 வரை செய்யவில்லை? நகரப் பணியாளருக்கு எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி என்று சைடல் காலத்தில் வந்தபோது வணிகர் சங்கத்திலிருந்து மாலையோடு வந்தார்களா? இரு கட்சிகளும் ஒன்றுசேர்ந்தல்லவா எதிர்த்தன? சைடலே பின்னாளில் தம் நினைவுகளில் இதற்குப் பதில் எழுதினார்: ஆமாம், தொழிலாளர் வீடுகளுக்குச் சாக்கடை வேண்டும் என்றோம், ஆனால் அதைவிட எவ்வளவோ அதிகமாகவும் விரும்பினோம் என்று. அந்த 'அதிகம்' பெரும்பாலும் மாநிலச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. நகரங்களுக்குத் தன்னாட்சி தரும் திருத்தம் விஸ்கான்சினில் 1924இல்தான் வந்தது.

கார்டன் ஹோம்ஸ் தோல்விதான். ஆனால் அது மக்கள் கேட்டு நடந்த தோல்வி.

வாக்குக்கணக்கன்

ஒரு விடுபட்ட செய்தி. வெற்றிக்குச் சட்ட அறிவு மட்டும் போதவில்லை. மில்வாக்கியில் கட்சியும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள். தேர்தல் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தொண்டர்கள் துண்டறிக்கைக் கட்டுகளோடு கிளம்பிவிடுவார்கள். எந்த வீட்டில் ஜெர்மன், எந்த வீட்டில் போலிஷ், எங்கே ஆங்கிலம் என்று தெரிந்து, அந்தந்த மொழியில் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். 'கட்டுப் படை' என்றே அவர்களுக்குப் பெயர். காசு கொடுத்து ஆள் பிடிக்கும் கட்சிகளால் இதோடு போட்டி போட முடியவில்லை. உங்கள் ஜெர்மானியர் கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது: ஜெர்மானியர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள், கட்டுப் படை இல்லை.

ஸ்கெனக்டடியில் கட்சியே மேயரோடு சண்டை போட்டது. பல ஊர்களில் சோசலிஸ்ட் வேட்பாளர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தைக் கட்சி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம், சொன்னபடி கேட்காவிட்டால் பதவியைப் பறிக்கலாம் என்று. நியமனங்களில் கட்சி கட்டளையிடுவதை லன் ஏற்கவில்லை. 1913இல் தோற்று, 1915இல் மீண்டும் வென்று, கடைசியில் கட்சியை விட்டுப் போய் ஜனநாயகக் கட்சி சார்பில் காங்கிரஸ் உறுப்பினரானார்.

ஏட்டுச்சுரைக்காய்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: இவ்வளவு கெட்டிக்கார ஹோன் 1940இல் யாரிடம் தோற்றார்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

கார்ல் சைட்லர் என்ற இளைஞரிடம். பார்க்க அழகர், மேடையில் பாடுவார், கைகுலுக்கிக்கொண்டே ஊரைச் சுற்றுவார். ஹோன் கணக்குப் புத்தகத்தோடு நின்றார், மக்களுக்கு அலுத்துவிட்டது. சைட்லர் 1942இல் கடற்படையில் சேர்ந்து, அதே ஆண்டு கப்பலோடு மூழ்கிப்போனார். 1948இல் மேயரானவர் அவருடைய தம்பி ஃப்ராங்க். அண்ணன் சோசலிஸ்ட்டுகளைத் தோற்கடித்தவர், தம்பியோ தீவிர சோசலிஸ்ட். அண்ணன் பெயர் தம்பிக்கு வாக்குகளைக் கொண்டுவந்தது என்றும் சொல்வார்கள். 1960 வரை இருந்தார்.

கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் கூரை வேலைக்காரர் ஜாஸ்பர் மக்லெவி 1933 முதல் 1957 வரை சோசலிஸ்ட் மேயராக இருந்ததையும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், தம்பி. அவருடைய சிக்கனத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இங்கே இடம் போதாது.