ஸெர்மாட்டில் முதல் பனிச்சறுக்கு: காசை எதில் போடுவது?

மழைத்துளி கேட்டது:

ஜனவரி கடைசி வாரம் நாங்கள் நாலு பேர் ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட்டுக்கு 6 நாள் போகிறோம். நான், கணவர், 8 வயது மகள், 66 வயது அம்மா. கல்யாணமாகி 10 வருஷம் ஆவதற்காகவே சேர்த்து வைத்த பணம் இது. இந்த ஒரு தடவை கையைப் பிடிக்காமல் செலவழிக்கலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம்.

பால்கனியில் நின்றால் மேட்டர்ஹார்ன் சிகரம் தெரிகிற ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றைக் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். இன்னும் பணம் கட்டவில்லை. எங்களில் யாருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. மகள் பனியையே நேரில் பார்த்ததில்லை. எனக்கு இரண்டு கவலை. மொத்தப் பணத்தில் பாதி அறைக்கே போய்விடுகிறது, அது சரியா? இன்னொன்று, அம்மாவுக்கு முட்டிவலி. நாங்கள் சறுக்கப் போய்விட்டால் அவர் அறையிலேயே அடைந்து கிடப்பாரோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காற்று:

அந்த மாதிரி அறையில் தங்கியிருக்கிறேன். விடிகிற நேரம் மலை உச்சி மட்டும் முதலில் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும், கீழே ஊர் இன்னும் இருட்டாக இருக்கும். அதைப் பார்த்ததை மறக்க மாட்டேன். ஆனால் 6 நாளில் அது கிடைத்தது 2 நாள்தான். மற்ற நாளெல்லாம் மேகம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்புவதற்குள் இருட்டிவிடும். பால்கனிக் கதவைத் திறந்ததே குறைவு.

பூட்ஸ்கார அக்கா:

மழைத்துளி, நான் அந்தப் பள்ளத்தாக்கில் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் 11 குளிர்காலம் வேலை பார்த்தவள். வருகிறவர்கள் காலில் பூட்ஸ் மாட்டிவிடுவதுதான் என் வேலை. அதனால் முதலில் காலைப் பற்றித்தான் பேசுவேன், ஓட்டல் அப்புறம்.

ஒரு அப்பா வந்தார். நல்ல ஓட்டலில் தங்கியிருந்தார். முதல் நாள் வேறொரு கடையில் "இதுதான் சௌகரியமாக இருக்கிறது" என்று ஒன்றரை அளவு பெரிய பூட்ஸை, இரண்டு கம்பளிக் காலுறையோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார். மூன்றாம் நாள் என் முன்னால் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போயிருந்தன. பூட்ஸ் பெரிசாக இருந்தால் கால் உள்ளே வழுக்கி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் விரல் முன்னால் போய் இடிக்கும். மிச்ச 4 நாளும் அவர் ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

சரியான அளவு எப்படித் தெரியும் என்றால், உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விட்டு விரல் முன்பக்கம் தொடும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தால் போதும், மூன்று விரல் போனால் பெரிசு. மெத்தையைத் திரும்பப் போட்டு நேராக நின்றால் விரல் நுனி லேசாகத் தொடும். பயப்படாதீர்கள். முட்டியை முன்னால் மடக்கினால் விலகிவிடும், சறுக்கும்போது நிற்கிற நிலை அதுதான். காலுறை ஒன்று, மெல்லிசாக, முட்டிவரை. அவ்வளவுதான்.

அடுத்து எடை கேட்பார்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள், "கொஞ்சம் தெரியும்" என்று கூட்டியும் சொல்லாதீர்கள். எடை, உயரம், வயசு, பழக்கம், பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், இதையெல்லாம் வைத்துத்தான் ஸ்கீயைப் பூட்ஸோடு பிடித்திருக்கும் பூட்டை இறுக்குவோம். விழும்போது அது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். கழலவில்லை என்றால் திருகுகிற முட்டிதான் விலை கொடுக்கும்.

இப்போது ஓட்டல். நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், மலைக்கு ஏற்றிப்போகும் ரயில், கேபிள் கார் மாதிரியான லிஃப்ட் வரை எத்தனை அடி என்று எண்ணுங்கள். ஸெர்மாட் நீளவாக்கில் கிடக்கிற ஊர். பெட்ரோல் கார் உள்ளே வராது. காரில் வருகிறவர்கள் டேஷ் கிராமத்தில் விட்டுவிட்டு 12 நிமிஷம் ரயிலில் வர வேண்டும். ஊருக்குள் சின்ன மின்சார வண்டிகள்தான். மலையேற வழி மூன்று. ரயில் நிலையத்துக்கு எதிரே கோர்னர்கிராட் பல்சக்கர ரயில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுன்னெகாவுக்குச் சுரங்கத்துக்குள்ளேயே ஏறும் ரயில், ஊரின் தெற்குக் கோடியில் கேபிள் கார். புதிதாகக் கற்பவர்களுக்கான இடம் சுன்னெகா பக்கம், லெய்சே ஏரிக்கரையில் இருக்கிறது. சுன்னெகா ரயிலுக்குப் பக்கத்தில் நான்கு நட்சத்திர அறை எடுத்தால், உறைந்த தெருவில் மகளின் ஸ்கீயையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பூட்ஸோடு தள்ளாடும் 20 நிமிஷம் மிச்சம். அந்தப் பணத்தைப் பயிற்றுநருக்குக் கொடுங்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தனிப் பயிற்றுநர் ஒருவரை 4 காலைப்பொழுதுக்கு எடுங்கள். மகளை மட்டும் குழந்தைகளுக்கான பயிற்சி வகுப்பில் விடுங்கள். அப்பா அம்மா பக்கத்தில் நின்றால் பிள்ளை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், சரிவைப் பார்க்காது.

அம்மாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். கோர்னர்கிராட் ரயில் 1898இலிருந்து ஓடுகிறது. 33 நிமிஷத்தில் 3,089 மீட்டருக்குக் கூட்டிப்போய்விடும். ஏறும்போது வலப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள், மேட்டர்ஹார்ன் கூடவே வரும். மேலே இறங்கினால் ஒரு பக்கம் பனியாறு, எதிரே ஸ்விட்சர்லாந்தின் உயரமான டுஃபூர் சிகரம், 4,634 மீட்டர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் கணவர் பால்கனியில் தேடுகிற காட்சியை அம்மா இங்கே முழுசாகப் பார்த்துவிடுவார்.

நிதானம்:

அக்கா சொன்ன பூட்ஸ் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் ஒன்றுமே தெரியாதவர்கள் ஏன் ஸெர்மாட்? சரிவு எவ்வளவு கஷ்டம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள், அங்கே நடுத்தரமான சிவப்புச் சரிவுகள்தான் அதிகம். ஸ்விட்சர்லாந்தில் பச்சை கிடையாது, நீலம்தான் எளிது. நான் வெங்கனில் கற்றேன். அதுவும் கார் இல்லாத ஊர், சரிவுகள் சாந்தமானவை, கூட்டத்தில் இடிபடாமல் கற்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் காப்பீட்டில் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்கும். அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பனி விளையாட்டும், சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி வருவதும் அதில் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். அங்கே மீட்புக்கான பில் மீட்கப்பட்டவர் பெயருக்கே வரும்.

பூட்ஸ்கார அக்கா:

நிதானம் சொல்வது நியாயம். சறுக்குவது மட்டுமே நோக்கம் என்றால் நானும் வெங்கன் என்றுதான் சொல்வேன். ஆனால் இவர்கள் அம்மாவோடு போகிறார்கள், அந்த மலைக்காகப் போகிறார்கள். அதனால் ஸெர்மாட் போகட்டும், ஆசையை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளட்டும். இத்தாலியின் செர்வீனியா பக்கமும் செல்லும் பெரிய லிஃப்ட் பாஸை முதல் வாரத்தில் வாங்கவே வேண்டாம். காற்று அடித்து லிஃப்ட் நின்றுபோனால், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் காரில் பல மணி நேரம் சுற்றித்தான் ஊர் திரும்ப வேண்டும். உங்களுக்கு எந்த டிக்கெட் போதும் என்று பயிற்சிப் பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாயங்காலம் கால் களைத்திருக்கும். கீழே இறங்கும் பாதையில் கூட்டம் இருக்கும், பனியும் இறுகி வழுக்கும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கணவர் சொன்னாலும் கேட்காதீர்கள். போன ரயிலிலேயே இறங்கி வாருங்கள்.

மழைத்துளி:

அக்கா, இரவு கணவரை உட்கார வைத்து நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். பால்கனி அறையைக் கடைசி ஒரு ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முதல் 5 ராத்திரி சுன்னெகா பக்கம் தங்குகிறோம். பயிற்றுநருக்கு இன்று எழுதிவிட்டேன். காப்பீட்டுத் தாளைத் தேடி எடுத்தேன், பனிச்சறுக்கு அதில் இல்லை. நிதானம், உங்களுக்கு நன்றி, மாற்றி வாங்குகிறோம்.

இரண்டே கேள்வி. மகளுக்கு ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் வாங்குவதா, வாடகையா? 3,883 மீட்டர் உச்சிக்குக் கேபிள் கார் போகிறதாமே, அம்மாவை அங்கே கூட்டிப்போகலாமா?

பூட்ஸ்கார அக்கா:

ஹெல்மெட் வாடகைக்கே எடுங்கள், அடுத்த வருஷம் தலை வளர்ந்துவிடும். போட்டுவிட்டுக் கொக்கியை மாட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட் தலையோடு சேர்ந்தே ஆட வேண்டும், தனியாக அசையக் கூடாது. கண்ணாடியைச் சொந்தமாக வாங்குங்கள், முகத்தோடு ஒட்டி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். லென்ஸில் எஸ்1, எஸ்3 என்று போட்டிருக்கும். மேகமான நாளுக்கு எஸ்1, பளிச்சென்ற வெயிலுக்கு எஸ்3. ஒன்றே ஒன்றுதான் என்றால் எஸ்2. கையுறை மட்டும் இரண்டு ஜோடி வையுங்கள். முதல் நாள் மகள் சறுக்குவதைவிடப் பனியை அள்ளுவதுதான் அதிகம் இருக்கும், மதியத்துக்குள் ஒரு ஜோடி நனைந்துவிடும்.

அந்த உச்சிக்கு முதல் இரண்டு நாள் யாருமே போக வேண்டாம். ஊர் இருப்பது 1,600 மீட்டரில், அங்கிருந்து ஒரே மூச்சில் 3,883க்குப் போனால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். கோர்னர்கிராட்டில் அம்மா எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் கிளம்புவதற்கு முன்பே அவருடைய டாக்டரைக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் நாலாம் நாள், வானம் தெளிவாக இருக்கும் காலையில் கூட்டிப்போங்கள், மேலே மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.