சமவுயரக் கோட்டில் தண்ணீர் ஓடுமா?

முதல் பதிவு

மேல்நிலை வகுப்புக்குப் புதிதாகப் புவியியல் விருப்பப் பாடம் ஒன்றை உருவாக்கும் வேலை என்னிடம் வந்தது. அலகுகளை எழுதி முடித்து, வெள்ளோட்டமாக ஒரு வகுப்பு எடுத்தேன். மலைப்பகுதி வரைபடத்தை விரித்து, 'இந்தச் சரிவில் மழை பெய்தால் தண்ணீர் எப்படிப் போகும்?' என்று கேட்டேன். ஒரு மாணவி சமவுயரக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். கோட்டோடு வளைந்து வளைந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள். 'தண்ணீர் திரும்பவும் இங்கேயே வந்துவிட்டதே, டீச்சர்' என்றாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சமவுயரக் கோடு என்று அத்தனை பேரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்; உயரம் மாறாத கோட்டில் தண்ணீர் ஓடாது என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. என் வரைவில் ஜி.ஐ.எஸ். எனும் கணினி வரைபட மென்பொருளுக்கு ஒரு பருவம் முழுக்க ஒதுக்கியிருந்தேன்; இந்தக் கோடுகளுக்கு ஒரே ஒரு பாடவேளை. அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பதில் 1

கோட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்றால் எனக்கு உடன்பாடில்லை, அம்மா. கேள்விதான் முதலில் வர வேண்டும். நான் ஜான் ஸ்னோவின் காலரா வரைபடத்தோடு தொடங்கினேன். 1854, லண்டன், பிராட் தெரு அடிகுழாய். கதை உங்களுக்குத் தெரியும்: காலராச் சாவுகளை வரைபடத்தில் குறித்து, அந்தக் குழாய்த் தண்ணீரே காரணம் என்று காட்டிய மருத்துவர் அவர். ஒரு மாணவன், 'சுற்றிலும் இவ்வளவு சாவு, இந்தப் பெரிய கட்டிடத்தில் மட்டும் ஏன் இல்லை?' என்றான். அது ஏழைகள் விடுதி. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தும் இறந்தவர்கள் ஐந்து பேர்தான். அங்கே தனிக் கிணறு இருந்தது. நான் அதை அந்த நிமிடமே சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் அவனைத் தேட விட்டிருக்க வேண்டும்.

பதில் 2

என் அனுபவம் சிறியது. ஒரு கட்டம் முப்பது மீட்டர் கொண்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் எங்கள் விளையாட்டு மைதானத்தைத் தேடிய மாணவர்கள், அது ஏழெட்டுக் கட்டங்களுக்குள் அடங்கியதைப் பார்த்துச் சோர்ந்துபோனார்கள். 'இவ்வளவுதானா, சார்?' என்ற குரலுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிறிய இடத்துக்கு அந்தப் படம் வேண்டாம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தை எடுங்கள், ஒரு கட்டம் பத்து மீட்டர். லேண்ட்சாட்டின் பலம் அதன் வயது. முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது 1972-இல். 2008 முதல் படங்கள் இலவசம். ஏரல் கடலின் படங்களைப் பத்தாண்டுக்கு ஒன்றாக அடுக்குங்கள். கரை எங்கே போயிற்று என்று மாணவர்களே கோடு போடட்டும். ஆற்று நீரைப் பாசனத்துக்குத் திருப்பிய கதையைப் பிறகு சொல்லுங்கள். மென்பொருளுக்குச் செலவு வேண்டாம், கியூஜிஐஎஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். முதல் மாதம் தாளிலேயே நடத்துங்கள். தேர்வு வினாத்தாளையும் இப்போதே எழுதிவிடுங்கள்; வரையறை கேட்கும் வினாத்தாள் வந்தால் வகுப்பும் வரையறைக்கே திரும்பிவிடும்.

முதல் பதிவர்

கேள்வி முதலா கோடு முதலா என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா. அவள் விரல் வைத்ததே என் கேள்விக்குப் பதிலாகத்தான்.

வரைவைத் திருத்திவிட்டேன். சமவுயரக் கோட்டுக்கு இப்போது ஆறு பாடவேளை. களிமண்ணில் மலை செய்து, மட்டத்துக்கு மட்டம் நூல் சுற்றி, உச்சியிலிருந்து நீர் ஊற்றுகிறோம். தண்ணீர் நூலை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. பள்ளத்தில் நூல் மேட்டுப் பக்கமாக வளைவதையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த மாணவி மட்டும் வேறு விருப்பப் பாடத்துக்குப் போய்விட்டாள்.