மறு: மறு: ஊருணிப் படித்துறை இரண்டாம் தவணை – படங்களில் நேரம் ஏன் மாறுகிறது?

மேலத்தெரு மாமாவுக்கு வணக்கம்.

படித்துறை கட்டும் கொத்தனாருக்கு இரண்டாம் தவணையை நிறுத்தச் சொல்லி நீங்கள் போட்ட மடலைப் படித்தேன். விடியாத 5:12க்கு எந்தக் கொத்தனார் சாந்து பூசுவார், அதுவும் தரையில் நிழல் விழுகிற வெயிலில் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சின்னவன் போனில் எடுத்த அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும் எக்சிஃப், அதாவது எடுத்த நேரம் முதலியவற்றைக் கேமரா எழுதிவைக்கும் குறிப்பு, 10:42 என்கிறது. உங்கள் 5:12, கூகுள் போட்டோசிலிருந்து மொத்தமாக இறக்கும்போது படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஜேசான் என்ற விவரக் கோப்பில் இருப்பது. அதே வரியின் கடைசியில் யுடிசி என்று போட்டிருக்கிறதே, பார்த்தீர்களா? போன் ஊர் நேரத்தை எழுதுகிறது, கூகுள் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. ஐந்தரை மணியைக் கூட்டிப் பாருங்கள், கொத்தனார் வேலைக்கு வந்துவிடுவார்.

எக்சிஃபை மட்டும் நம்பினாலும் தொல்லைதான். எந்த நாட்டு நேரம் என்று குறிக்க 2016இல் வந்த எக்சிஃப் 2.31 பதிப்பில்தான் இடம் வைத்தார்கள். துபாய் மச்சானின் கேமரா அதற்கு முந்தையது, கடிகாரத்தையும் அவர் மாற்றவில்லை. அவர் படங்கள் ஒன்றரை மணி பின்தங்கி இருப்பது அதனால்தான்.

“படம் 60, கோப்பு 180, மீதி யார் கணக்கு?” என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். படங்களைத் திருத்தி அடுக்க மச்சான் லைட்ரூம் என்ற மென்பொருள் வைத்திருக்கிறார், நான் டிஜிகேம். கேமராவின் ரா கோப்புக்கு, அதாவது திருத்தாத மூலப்படத்துக்கு, பக்கத்தில் இரண்டுமே எக்ஸ்எம்பி என்று விவரங்களுக்காக ஒரு துணைக்கோப்பை எழுதும். லைட்ரூம் படத்தின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வால்பகுதியை வெட்டிவிட்டு எழுதும், டிஜிகேம் வாலோடு சேர்த்து எழுதும். ஆகவே ஒரு படத்துக்கு மூன்று கோப்பு. யாரும் ரசீது போடவில்லை மாமா.

விரிசல் விஷயம்தான் முக்கியம். மச்சான் அனுப்பியதில் பளிச்சென்று தெரிகிற வடகரை விரிசல் நான் அனுப்பியதில் இல்லை, மறைத்துவிட்டேன் என்கிறீர்கள். அவர் லைட்ரூமில் நிழலை வெளுத்திருக்கிறார். தலைப்பு, குறிச்சொல், நட்சத்திரம் எல்லாம் இரண்டு மென்பொருளுக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். வெளிச்சத் திருத்தத்தை லைட்ரூம் தனக்கென்று ஒதுக்கிய பகுதியில் எழுதும், டிஜிகேம் அதைச் சீண்டாது. மூலப்படம் ஒன்றேதான், கொஞ்சம் பெரிதாக்கினால் என் பிரதியிலும் விரிசல் இருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துப் பூசின பிறகு மீதிப் பணம் என்று கொத்தனாரிடம் சொல்லலாம். நேரத்தைக் காட்டி அவர் கூலியை நிறுத்துவது நியாயமில்லை.

தயவுசெய்து வாட்சப்பில் வந்த படங்களைச் சாட்சிக்கு எடுக்காதீர்கள். படமாக அனுப்பினால் அது எக்சிஃபை உருவிவிட்டுத்தான் அனுப்பும்.

– கீழவீட்டுத் தம்பி

---

தம்பி, ஐந்தரை மணி சரி, ஒத்துக்கொள்கிறேன். விரிசலைப் பூசட்டும், அப்புறம் என் பங்கை அனுப்புகிறேன். ஆனால் தேர் வடம் வாங்கிய கணக்கு இன்னும் வரவில்லை. அதற்கு எந்தக் கோப்பைத் திறப்பது? உன் அப்பா இருந்தவரை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

– மாமா

---

கேமராவைக் குறை சொல்பவர்கள் அடுத்த திருவிழாவுக்குச் சொந்தக் கேமராவோடு வரவும். வடம் வாங்கிய வருஷம் லாரி வாடகை கொடுத்தது யார் என்றும் மாமா எழுதட்டும்.

– துபாயிலிருந்து