240இசட் புதுப்பிப்பு: நான் சந்தேகப்பட்ட இடம் தப்பு

போன மாதம் என் 1971 டாட்சன் 240இசட் கார் பற்றி எழுதியிருந்தேன், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி திணறி, அப்புறம்தான் கிளம்புகிறது என்று. இக்னிஷன் டைமிங்தான், அதாவது எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரம்தான், காரணம் என்று அன்றைக்கு அடித்துச் சொன்னேன். தப்பு. டைமிங் லைட் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது.

இந்த 2,393 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க எஸ்யு வகை ஹிட்டாச்சி கார்புரேட்டர் இரண்டு. பின்னால் இருப்பதன் மூடியைத் திருகி டேம்பர் கம்பியை வெளியே இழுத்தேன், துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது, பொட்டு எண்ணெய் இல்லை! கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மடமடவென்று மேலே ஏறாமல் இழுத்துப் பிடிப்பதே அந்த எண்ணெய்தான். அது இல்லாவிட்டால் திராட்டில் திறந்ததும் பிஸ்டன் துள்ளி எழுந்து, காற்று கூடி பெட்ரோல் குறைந்து, வண்டி திணறாமல் என்ன செய்யும்? எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றினேன், முக்கால்வாசித் திணறல் அன்றைக்கே போய்விட்டது.

மிச்சம் கால்வாசிக்கு ஃபியூயல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன். செங்கல் பொடி மாதிரி துரு. பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி, இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், நான் டைமிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். டாங்க்கை இறக்கிக் கழுவியாக வேண்டும், அடுத்த வேலை அதுதான்.

பேட்டரிக்கு அடியில் அரித்திருந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தாகிவிட்டது. டேஷ்போர்டு வெடிப்பு அப்படியே இருக்கிறது, இப்போதைக்கு அதைத் தொடப் போவதில்லை.