புதுப்பிப்பு: சாரணர் முகாமுக்குப் பணம் சேர்ந்தது, கூடாரமும் நின்றது

பங்குனி முகாமுக்கு நிதி திரட்டுவது எப்படி, மணலில் கூடாரக் கயிறு கட்டும் முளை பிடுங்கிக்கொண்டு வருகிறதே என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பணம். துணிப்பை தைத்து விற்றதில் தையல்கூலிதான் மிஞ்சியது. பழைய பேப்பர் சேர்த்து விற்கும் யோசனைதான் கைகொடுத்தது. தண்டையார்பேட்டையில் நாலு தெருவில் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு 310 கிலோ சேர்த்தார்கள். கிலோ 13 ரூபாய் வீதம் 4,030 ரூபாய். அட்டை, நோட்டுப் புத்தகத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கலந்து போட்டால் எல்லாவற்றுக்கும் குறைந்த விலைதான் போடுகிறார்கள்.

கூடாரத்துக்கு, முளைக்குப் பதில் அரிசிச் சாக்கில் மணல் நிரப்பிப் புதைக்கச் சொன்ன அண்ணனின் வழிதான் சரி. சாக்கின் நடுவில் கயிற்றைக் கட்டி, இழுவிசைக்குக் குறுக்காக முழங்கை ஆழத்தில் புதைத்தோம். திருவொற்றியூர் மைதானத்தில் ஒத்திகை பார்த்தபோது சாயங்காலக் கடல்காற்றுக்கு அசையவே இல்லை.

எதிர்பாராத ஒன்று: ராத்திரிப் பனியில் பருத்திக்கயிறு சுருங்கி, விடியற்காலையில் கூடாரத்துணியில் கயிறு மாட்டும் ஒரு காது கிழிந்துவிட்டது. படுக்கப் போகுமுன் கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். மறுநாள் ராத்திரி அப்படிச் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை.