கதண்டு, கடந்தை, மண் குளவி: வீட்டைச் சுற்றிக் கூடு கட்டியபோது நாங்கள் செய்தவை

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து

எங்கள் கொல்லைத் தென்னையில் கதண்டு என்கிற பெரிய விஷக்குளவி கூடு வைத்திருப்பதை முதலில் கண்டவர் தேங்காய் பறிக்க வந்தவர்தான். பாதி மரம் ஏறியவர் மூச்சுக் காட்டாமல் இறங்கி வந்து, "அண்ணே, இந்த மரத்துப் பக்கம் யாரும் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். நான் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தேன். மட்டைகளுக்கு நடுவே, பழுப்பும் வெளுப்புமாக வரி ஓடிய கூடு, பெரிய தவலை அளவுக்குத் தொங்கியது. பக்கவாட்டில் ஒரே ஒரு துளை. கறுத்த உடம்பும் வயிற்றில் மஞ்சள் பட்டையுமாகக் கதண்டுகள் அதன் வழியே போய் வந்துகொண்டிருந்தன.

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நீள மூங்கிலில் பழந்துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திவிடலாம் என்றார் சித்தப்பா. இளவயதில் அவரே அப்படிச் செய்திருக்கிறார். ஆனால் மரத்தடியில் கீற்றுக் கொட்டகை, அதில் கன்று ஈன்ற மாடு, ஒட்டினாற்போல் வைக்கோல் போர். எரிகிற கூடு எந்தப் பக்கம் விழும் என்று யார் உறுதி சொல்வது? கதண்டு கொட்டி ஆள் இறந்த செய்தி எங்கள் பக்கம் புதிதும் அல்ல. 101க்குக் கூப்பிட்டேன்.

தீயணைப்பு வீரர்கள் பகலில் வந்து பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வருவதாகச் சொன்னார்கள். பகலில் ஒரு பகுதி கதண்டு இரை தேடி வெளியே இருக்கும்; பொழுது சாய்ந்தால்தான் எல்லாம் கூட்டுக்குள் அடங்கும். அதற்குள் மாட்டை வேறு இடத்தில் கட்ட வேண்டும், வைக்கோலை நனைக்க வேண்டும், கொல்லைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைக்க வேண்டும் என்றார்கள். கலைந்த கதண்டு வெளிச்சத்தை நோக்கித்தான் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மரத்தை ஒட்டி மின்கம்பி போனதால் லைன்மேனை வரவழைத்து மின்சாரத்தையும் நிறுத்தினோம்.

இரவு முகம் முதல் பாதம் வரை மூடிய உடையுடன் ஏணியில் ஏறி, நீளக் கழியின் நுனியில் பந்தத்தைக் கட்டி, முதலில் அந்தத் துளையைத்தான் நெருப்பால் அடைத்தார்கள். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. கீழே விழுந்ததைத் தண்ணீர் பீய்ச்சி அணைத்த பிறகு டார்ச் அடித்துக் காட்டினார்கள். அடுக்கடுக்காகத் தட்டுகள், அறைக்கு ஒன்றாக வெள்ளைப் புழுக்கள். மறுநாள் காலையில், வெளியே தங்கிவிட்ட சில கதண்டுகள் கருகிய மட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஓரிரு நாள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவர்கள் எச்சரித்தது இதற்காகத்தான்.

இது மரத்தில் தொங்கும் பெரிய கூட்டின் கதை. ஜன்னலிலும் பால்கனியிலும் சின்னதாகக் கட்டுகிறதே, அதற்கும் தீயணைப்பு வண்டி வர வேண்டுமா? பட்டவர்கள் எழுதுங்கள்.

கோவை, அடுக்குமாடிக் குடியிருப்பு

வேண்டியதில்லை அண்ணா. ஆனால் எந்தக் குளவி என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டியது மெல்லிய செம்பழுப்பு நிறக் குளவி. கூட்டுக்கு மேலுறை கிடையாது. சாம்பல் நிறக் காகிதம் போன்ற அறைகள் திறந்தபடி, ஒரு சிறு காம்பில் தொங்கும். மரநாரை மென்று எச்சிலில் குழைத்துக் கட்டுவது. இந்த இனத்துக்கு ரோப்பாலிடியா மார்ஜினேட்டா என்று பெயர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது இந்தக் குளவியைத்தான். ஒரு கூட்டில் ஒருத்திதான் முட்டையிடுவாள். அவள் போய்விட்டால் இன்னொருத்தி அந்த இடத்துக்கு வருவாள். இதைப் படித்த பிறகு எனக்கு அவற்றைக் கொல்ல மனம் வரவில்லை.

அதனால் இடத்தைப் பார்த்து முடிவு செய்தோம். சன்ஷேடுக்கு அடியில், யார் கையும் எட்டாத இடத்தில் இருந்ததை விட்டுவிட்டோம். துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் குழந்தை விளையாடும் இடம் அது. பொழுது சாய்ந்த பிறகு, முழுக்கை சட்டை, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலால் அடித்தார் என் கணவர். சோப்புத் தண்ணீர் பட்டால் அவற்றால் பறக்க முடியாது, மூச்சுத் துளைகளும் அடைபடும். பிறகு காம்போடு சுரண்டி எடுத்துவிட்டு, பால்கனிக்கு வலை அடித்தோம். கரப்பான் மருந்தை அடிக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அந்த டப்பாவில் இருப்பது தீப்பிடிக்கும் வாயு. எங்கள் பால்கனியை ஒட்டியே அடுப்படி.

கூடு காசு அளவில் இருக்கும்போதே கண்ணில் பட்டால் இவ்வளவும் தேவையில்லை. அப்போது ஒன்றோ இரண்டோ குளவிதான் இருக்கும். அவை வெளியே போன நேரத்தில் குச்சியால் காம்பை உடைத்தால் போதும், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

மதுரை

எங்கள் வீட்டில் வருவது மண் குளவி. அலமாரி மூலை, சாமி படத்தின் பின்புறம், கதவு நிலை என்று எங்கே வேண்டுமானாலும் ஈர மண்ணை உருட்டிக் கொண்டுவந்து பூசும். என் மாமியார் அதை உடைக்க விடவே மாட்டார். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் சீக்கிரம் ஒரு பிள்ளை பிறக்கும் என்பது அவர் நம்பிக்கை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார். பல வீடுகளில் இது உண்டு என்று பிறகு தெரிந்தது.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், உடைக்காமல் விடுவதில் நல்ல நியாயம் இருக்கிறது. மண் குளவி தனியாள். கூட்டைக் காக்கக் கூட்டமாக வந்து கொட்டாது. கையால் பிடித்து அழுத்தினால் ஒழிய கொட்டுவது மிக அபூர்வம். பழைய கூடு ஒன்றை என் பேரனுக்குப் பிரித்துக் காட்டினேன். ஓர் அறையில் சிலந்திகள் திணித்து வைக்கப்பட்டிருந்தன. கொட்டி முடக்கி, உயிர் போகாமல், புழுவுக்குப் புதிய இரையாக அடைத்து வைத்திருக்கிறது. புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உள்ளே நடப்பது வேறு. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, மண்ணைத் துளைத்து வெளியே வரும். வட்டமாக ஓட்டை தெரிந்தால் குடியிருந்தது போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிளக் பாயிண்டில் கட்டியிருந்தால் மட்டும் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

சென்னை, ஏசி பழுது பார்ப்பவன்

அம்மா சொன்னது சரி, ஆனால் குழாய் இருக்கும் இடத்தில் காத்திருக்க முடியாது. ஏசி தண்ணீர் வெளியேறும் பைப்பை மண் குளவி அடைத்துவிட்டால் தண்ணீர் அறைக்குள்ளேயே ஒழுகும். நான் பார்க்கும் ஒழுகல்களில் இது அடிக்கடி வரும். பைப் முனையில் சின்னக் கொசுவலைத் துண்டைக் கட்டினால் தீர்ந்தது. 1996இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகம் அளக்கும் குழாயை மண் குளவி அடைத்திருக்கலாம் என்பதுதான் விசாரணையில் வந்த கருத்து.

தென்காசி, தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்

மன்னார்குடித் தம்பி கதண்டு என்று எழுதியதை எங்கள் பக்கம் கடந்தை என்போம். மூங்கிலில் துணி கட்டிக் கொளுத்தும் யோசனையைத் தட்டிக்கழித்தது மிக நல்லது. இப்படிக் கொளுத்தப் போய்க் கூரை எரிந்த வீட்டுக்கும் போயிருக்கிறேன், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவரையும் தூக்கியிருக்கிறேன்.

கூடு தானாகக் கலைவதில்லை. பையன்கள் கல்லெறிவார்கள், தேன் பருந்து புழுவுக்காகக் கூட்டைப் பிய்க்கும், புதர் வெட்டுகிறவரின் அரிவாள் தெரியாமல் படும். நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்யும் பெண்கள் கொட்டுப்படுவது இப்படித்தான். கலைந்துவிட்டால் நின்று கையை வீசாதீர்கள். முந்தானையோ துண்டோ எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, வழி தெரியும் அளவுக்கு மட்டும் கண்ணை விட்டு, நேராக ஓடி, கதவுள்ள அறைக்குள் போய்ச் சாத்திக்கொள்ளுங்கள். ஒன்றை அடித்து நசுக்கினால் அதிலிருந்து கிளம்பும் வாடை மற்றவற்றையும் அழைக்கும். கிணற்றிலோ குளத்திலோ குதிக்காதீர்கள். மேலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும், தலை தூக்கும்போது கொட்டும்.

விழுப்புரம் மாவட்டம், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்

எங்களிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் சுண்ணாம்பு தடவிக்கொண்டுதான் வருகிறார்கள். தோல் வெந்துபோவதுதான் மிச்சம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும். கையில் கொட்டினால் மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். தேனீதான் கொடுக்கை விட்டுவிட்டுப் போகும். குளவியும் கதண்டும் கொடுக்கை இழப்பதில்லை, ஒன்றே பலமுறை கொட்டும்.

ஒரே ஒரு கொட்டு என்று அசட்டையாக இருக்கக் கூடாத நேரம் உண்டு. உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108. இது ஒவ்வாமை அதிர்ச்சி. அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும், நிமிடங்கள் முக்கியம்.

நிறையக் கொட்டுப்பட்டவர்கள் விஷயத்தில் வேறொரு அபாயம் இருக்கிறது, இதை வீட்டுக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது வழக்கம். அன்று நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். விடாதீர்கள். விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தை அடைக்கும். அது தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். சிறுநீர் குறைந்தாலோ காப்பி நிறத்தில் போனாலோ டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று மருத்துவர் சொன்னால் அதுவரை இருக்கவைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி

மன்னார்குடிக்காரருக்கு ஒரு கேள்வி. பந்தம் வைத்த தென்னை பிழைத்ததா? தென்னைக்கு வளர்நுனி ஒன்றுதான், குருத்து கருகினால் மரம் போயிற்று. என் தோப்பில் கடைசி வரப்புப் பனையில் ஒரு கூடு இருக்கிறது. அந்தப் பக்கம் பாதை கிடையாது. வேலையாட்களுக்குத் தெரியும்படி சிவப்புத் துணி கட்டி, அப்படியே விட்டிருக்கிறேன். பயிரைத் தின்னும் புழுக்களையும் அவை பிடித்துப் போகின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருப்பதை எரிக்க எனக்கு விருப்பமில்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே அதே கிராமத்திலிருந்து

மரம் பிழைத்துவிட்டது. கூடு குருத்தை விட்டுத் தள்ளி, முதிர்ந்த மட்டைகளுக்கு நடுவே இருந்தது. அவர்களும் நெருப்பைப் பக்கவாட்டிலிருந்துதான் காட்டினார்கள். கீழ் மட்டைகள் மட்டும் கருகின, பாளை விட்டிருக்கிறது. உங்கள் வரப்புப் பனையை விட்டுவைத்தது சரி என்றே எனக்கும் படுகிறது. எங்கள் ஊரிலும் ஏரிக்கரைப் புளியமரத்தில் ஒன்று இருக்கிறது. அது பள்ளிப் பிள்ளைகள் போகும் வழி என்பதால் அதற்கு மட்டும் நிலையத்தில் சொல்லிவிட்டோம். செவிலியர் எழுதியதைப் படியெடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், 101, 108 இரண்டு எண்களோடும்.